வேலியோர ஆடாதோடை: கேள்வி பதில்

குடியாத்தம் வாசகர்: எங்கள் வேலியில் நிற்பது ஆடாதோடையா, நொச்சியா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள் ஐயா.

இலையைப் பாருங்கள். ஒரே காம்பில் மூன்றோ ஐந்தோ விரித்த மாதிரி நின்றால் நொச்சி, பூ ஊதா. ஆடாதோடைக்கு மாவிலை மாதிரி நீளமான தனி இலை, எதிரெதிராக இருக்கும். பூ வெள்ளை, கீழிதழில் ஊதாக் கோடுகள். நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்தால் சந்தேகமே வராது, அவ்வளவு கசப்பு!

காட்பாடி வாசகி: நெஞ்சுச் சளிக்குக் கஷாயம் எப்படி வைப்பது?

முற்றிய இலை மூன்று எடுத்துக் கழுவி, நடுநரம்பைக் கிள்ளிவிட்டு நறுக்குங்கள். நாலு மிளகைத் தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரை அரை டம்ளராகச் சுண்டவிடுங்கள். வடிகட்டி, ஆறியதும் தேன் கலந்து பெரியவர்கள் குடிக்கலாம். மூன்று நாள் போதும், மாதக்கணக்கில் குடிக்க இது டீ இல்லை. கெட்டிச் சளியை இளக்கி வெளியே தள்ளுவதுதான் இதன் வேலை. மருந்துக்கடைச் சளி டானிக்கில் புரோம்ஹெக்சின் என்று போட்டிருக்கிறதே, அதை உருவாக்கியதே இந்த இலையில் இருக்கும் வாசிசின் என்ற சத்தை வைத்துத்தான். கசப்பு ஆகாதவர்களுக்கு சித்த மருந்துக்கடையில் ஆடாதோடை மணப்பாகு கிடைக்கும்.

ஆம்பூர் வாசகர்: ஷூ கம்பெனியில் வேலை. சளியே இல்லை, வறட்டு இருமல்தான். பிபி மாத்திரையும் போடுகிறேன். இது கேட்குமா?

சளியே இல்லாதபோது இளக்க என்ன இருக்கிறது தம்பி? முதலில் மாத்திரைப் பெயரைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் வகை என்றால் அதுவே சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார். இருமலுக்கு அதிமதுரம் நல்லது என்று யாராவது சொல்வார்கள், அது பிபியை ஏற்றும். உங்களுக்கு வேண்டாம்.

வாலாஜா வாசகி: மருமகள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். கொஞ்சமாகக் கொடுக்கலாமா?

கூடாதம்மா, ஒரு மடக்குகூட. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் குணம் இதற்கு உண்டு.

அதே வாசகி: பேரனுக்கு எட்டு மாதம், அவனுக்கு?

அவனுக்கும் வேண்டாம். ஒரு வயது முடியாத பிள்ளைக்குத் தேனைக்கூட நாக்கில் தடவக் கூடாது. சளி என்றால் டாக்டரிடம் தூக்கிப்போங்கள்.

அணைக்கட்டு வாசகர்: அப்பாவுக்கு ஒரு மாதமாக இருமல், சாயங்காலம் காய்ச்சல், ஆளும் இளைத்துவிட்டார். கஷாயம் கொடுத்தும் நிற்கவில்லை.

கஷாயத்தை ஓரமாக வையுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்; நீங்கள் சொல்வதெல்லாம் காசநோய்க்கும் பொருந்துகிறது. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சளியில் ரத்தம் தெரிந்தால் இன்றைக்கே கிளம்புங்கள். ஆடாதோடை ரத்தத்தைக் கட்டும் என்ற பேச்சை நம்பி வீட்டில் காத்திருக்காதீர்கள்.

ஆற்காடு வாசகர்: செடி வளர்க்க விதை எங்கே கிடைக்கும்?

விதையெல்லாம் எதற்கு? மழைக்காலத்தில் முற்றிய குச்சியை ஒரு சாண் வெட்டி ஊன்றுங்கள். ஆடு வாய் வைக்காது, அதனால் வேலி கட்ட வேண்டாம். மீதி இலையை வேப்பிலை, நொச்சியோடு ஊறவைத்துக் கத்தரிச் செடிக்குப் பூச்சிவிரட்டியாகத் தெளிக்கலாம்.