ஈமாக்ஸ் இசை இயக்கி: பாடல் விவரங்களைப் படிக்கத் துணைநிரல் தேவையா?

தம்பிலுவிலைச் சேர்ந்த வாசகர் ஒருவரின் கேள்வி: "கூத்துப் பாடல்களையும் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல்களையும் ஒலிப்பதிவுகளாகச் சேகரித்து, ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியில் ஈஎம்எம்எஸ் என்ற இசை இயக்கி வழியாகக் கேட்டு வருகிறேன். பாடலின் பெயரையும் பாடியவரின் பெயரையும் காட்டுவதற்கு, ஒலிக்கோப்பின் விவரங்களைப் படிக்கும் டேக்லிப் நிரலகத்தைச் சார்ந்த சி++ துணைநிரல் ஒன்றைக் கம்பைல் செய்து வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் நூலகத்தின் விண்டோஸ் கணினிகளில் அதைக் கம்பைல் செய்ய முடியவில்லை. சில தமிழ்ப் பெயர்கள் சிதைந்தும் தெரிகின்றன. எளிய வழி உண்டா?"

உண்டு. அந்தத் துணைநிரலை முற்றாகக் கைவிட்டு விடுங்கள். ஈஎம்எம்எஸ் 7ஆம் பதிப்பிலிருந்து, மீதரவை (பாடலின் பெயர், பாடியவர் போன்ற விவரங்களை) படிக்கும் வேலையை ஈமாக்ஸின் சொந்த மொழியான ஈலிஸ்பிலேயே செய்யும் 'நேட்டிவ்' வாசிப்பான் உடன் வருகிறது. எம்பி3, ஃபிளாக், ஆக் வோர்பிஸ், ஓபஸ் ஆகிய வடிவங்களை அது படிக்கும். விவரம் படிக்கும் செயற்கூறுகளின் பட்டியலில் டேக்லிப்பை நீக்கி நேட்டிவை மட்டும் வைத்தால், உங்கள் சேகரிப்பின் பெரும்பகுதிக்கு அதுவே போதும்.

இவ்வளவு சிறிய வேலைக்கு வெளியிலிருந்து ஒரு நிரல் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. ஃபிளாக் கோப்பின் தொடக்கத்தில் நான்கு எழுத்து அடையாளம் ஒன்று இருக்கும். அதன் பின் வரும் ஒவ்வொரு தொகுதியும் தன் வகையையும் நீளத்தையும் நான்கு பைட்டுகளில் அறிவித்துவிடுவதால், பெயர்களைக் கொண்ட 4ஆம் வகைத் தொகுதியை அடையும்வரை மற்றவற்றைப் படிக்காமலே தாண்டிச் செல்லலாம். அட்டைப்படம் 6ஆம் வகைத் தொகுதியில் இருப்பதால் அதையும் தாண்டிவிடலாம். எம்பி3இல் இவ்விவரங்களைக் கொண்ட ஐடி3வி2 குறிப்பின் தலைப்பு பத்து பைட்டுகள்தான். அதன் நீள எண்ணில் ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட்டுகளே பயன்படுகின்றன என்பதையும், 2.4ஆம் பதிப்பில் உள்ளிருக்கும் சட்டகங்களின் (தனித்தனி விவரப் பகுதிகளின்) நீளமும் அவ்வாறே எழுதப்படுவதையும், 2.3இல் அவை சாதாரண எண்களாகவே இருப்பதையும் கவனித்தால் பெரிய சிக்கல் தீர்ந்துவிடும். நீங்களே இத்தகைய வாசிப்பானை எழுத முனைந்தால், கோப்பு அறிவிக்கும் நீளத்தை அப்படியே நம்பாமல் ஓர் உச்ச வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். பழுதடைந்த ஒரே ஒரு கோப்பு ஈமாக்ஸ் முழுவதையும் திணறச் செய்துவிடும்.

தமிழ்ப் பெயர்கள் சிதைவதற்குக் காரணம் பெரும்பாலும் கோப்பிலேயே இருக்கிறது. பழைய ஐடி3வி1 குறிப்பு கோப்பின் இறுதியில் 128 பைட்டுகளில் அடங்குவது. அதில் பாடலின் பெயருக்குக் கிடைப்பது 30 பைட்டுகள். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுப்பதால், 'மட்டக்களப்பு' என்ற ஒரு சொல்லே 36 பைட்டுகளாகி அதற்குள் கொள்ளாது. நேட்டிவ் வாசிப்பான் எம்பி3இல் ஐடி3வி2ஐ மட்டுமே படிக்கும் என்பதால், பழைய குறிப்பு மட்டும் உள்ள கோப்புகள் பெயரின்றித் தெரியும். அவற்றுக்கு கிட்3 போன்ற கருவியால் ஐடி3வி2 குறிப்பை எழுதிவிடுங்கள். பழைய ஒலிப்பான்களிலும் அவை ஓட வேண்டுமாயின், 2.3ஆம் பதிப்பும் யூடிஎஃப்-16 குறியாக்கமும் பாதுகாப்பான தெரிவு, 2.3இல் யூடிஎஃப்-8 கிடையாது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பெயர்கள் வேறு வகை. அவை கோப்பில் ஆங்கில எழுத்துகளாகவே பதிந்திருப்பதால் எந்த வாசிப்பானாலும் திருத்த முடியாது. ஒருங்குறிக்கு மாற்றித்தான் எழுத வேண்டும். மாறாக, யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியாக்கம்) என்று தவறாக அறிவித்திருக்கும் கோப்புகளை ஈமாக்ஸிலேயே மீட்கலாம்: சரத்தை லத்தீன்-1ஆகக் குறியாக்கி, கிடைக்கும் பைட்டுகளை யூடிஎஃப்-8ஆகக் குறிவிலக்கினால் பெயர் திரும்பக் கிடைக்கும்.

கைபேசியில் பதிவான எம்4ஏ கோப்புகள் உங்களிடமும் இருக்கக்கூடும். நேட்டிவ் அவற்றைப் படிப்பதில்லை. இதற்காக, எக்ஸிஃப்டூல் என்ற வெளிநிரலால் விவரம் படிக்கும் செயற்கூறைப் பொதுப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்; பட்டியலில் உள்ளவை யாவும் ஒவ்வொரு பாடலுக்கும் அழைக்கப்படுவதால், எம்பி3 கோப்புக்கும் வெளிநிரல் ஒன்று தொடங்கி முடிய வேண்டியிருக்கும். கோப்பின் பின்னொட்டு எம்4ஏ எனில் மட்டும் அதை அழைக்கும் சில வரிச் செயற்கூறு ஒன்றை எழுதிச் சேர்ப்பதே சரி.

துணைநிரல் போய்விட்டால் பொதியாக்கமும் இலகுவாகிறது. ஈமாக்ஸ் பொதிகளின் களஞ்சியமான குனூ எல்பாவின் பொதிகள் பெரும்பாலும் ஈலிஸ்ப் கோப்புகளையே கொண்டு வருகின்றன. நிறுவும்போது அவை சி++ நிரல் எதையும் கம்பைல் செய்வதில்லை. உங்கள் பழைய ஏற்பாடு விண்டோஸில் சிக்கியது இந்த இடத்தில்தான். இனி ஈஎம்எம்எஸ் பொதியை உங்கள் கணினியில் இறக்கி, பென்டிரைவில் எடுத்துச் சென்று, கோப்பிலிருந்து பொதியை நிறுவும் ஈமாக்ஸ் கட்டளையால் நூலகத்தில் நிறுவலாம். அங்கு இணையம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. உங்கள் அமைப்புகளை ஒரே ஈலிஸ்ப் கோப்பில் வைத்து அதனுடன் கொடுங்கள். ஆனால் ஒலியை இசைப்பதற்கு எம்பிவி, விஎல்சி போன்ற இசைப்பான் ஒன்று அந்தக் கணினிகளில் இருந்தே ஆக வேண்டும்; நேட்டிவ் விவரங்களை மட்டுமே படிக்கும்.

மாற்றம் செய்த பிறகும் பழைய பெயர்களே தெரிந்தால் பதற வேண்டாம். ஈஎம்எம்எஸ் ஒருமுறை படித்த விவரங்களைத் தன் இடைச்சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. கோப்புகளின் குறிப்புகளைத் திருத்திய பின் இடைச்சேமிப்பை ஒத்திசைக்கும் கட்டளையை இயக்கினால், மாறிய கோப்புகளை அது மீண்டும் படித்துக்கொள்ளும்.