சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் எதைப் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது

பிரவுசரின் சான்றிதழ் சோதனை பற்றி வந்திருக்கும் கேள்விகள் பலவும் "இந்த எச்சரிக்கை வராமலிருக்க எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?" என்றே முடிகின்றன. ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் என்பது 'இந்த முகவரி இந்தத் தளத்துடையதுதான்' என்று ஒரு நிறுவனம் கையெழுத்துப் போட்டுத் தரும் அடையாளம். ஒரு தளத்தின் சான்றிதழ் கைக்கு வந்ததும் பிரவுசர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறது. முகவரியில் உள்ள பெயர் சான்றிதழில் இருக்கிறதா, இன்றைய தேதி அதன் செல்லுபடிக் காலத்துக்குள் வருகிறதா, கையெழுத்துச் சங்கிலி பிரவுசர் முன்கூட்டியே நம்பி வைத்திருக்கும் மூலச் சான்றிதழ் ஒன்று வரை, அதாவது ஒரு ரூட் சான்றிதழ் வரை போய்ச் சேர்கிறதா, இடையில் அது ரத்து செய்யப்பட்டதா. எச்சரிக்கைப் பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' என்பதை அழுத்தினால் எது தவறியது என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் செட்டிங்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: நேற்றுவரை ஒழுங்காக இருந்த கம்ப்யூட்டரில் இன்று எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை வருகிறது. பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை.

கடிகாரத்தைப் பாருங்கள். எல்லாத் தளங்களின் சான்றிதழும் ஒரே நாளில் கெட்டுப்போக வாய்ப்பில்லை. கோளாறு உங்கள் பக்கம்தான். கம்ப்யூட்டரின் தேதி சில வருடம் பின்னால் போயிருந்தால், இன்று செல்லுபடியாகும் சான்றிதழ்கூட அதன் கணக்கில் இன்னும் தொடங்காத ஒன்று. தேதியை இணையத்திலிருந்து தானாக எடுக்கும்படி வையுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி தவறினால், மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்றினால் சரியாகிவிடும்.

தேதி சரியாக இருந்தும் எல்லாத் தளங்களிலும் 'வழங்கியவர் யாரென்று தெரியவில்லை' என்று வந்தால் விஷயம் வேறு. ஆன்டிவைரஸோ நெட்வொர்க்கில் உள்ள ஏதோ ஒன்றோ நடுவில் புகுந்து சான்றிதழை மாற்றித் தருகிறது. அலுவலகச் சான்றிதழ் பற்றிய கேள்விக்குக் கீழே சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

கேள்வி: பயர்பாக்ஸ் செட்டிங்ஸில் 'ஓசிஎஸ்பி சர்வர்களைக் கேள்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதை அணைத்தால் வேகம் கூடும் என்கிறார் ஒருவர். இன்னொருவர், அபௌட் கான்ஃபிக் என்ற உள் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் அதைக் கட்டாயமாக்கு என்கிறார். எது சரி?

இரண்டுமே வேண்டாம், இருக்கிறபடி விடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு செட்டிங் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் நிறைய பழசாகிவிட்டது.

சான்றிதழ் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு தளம் வைத்திருக்கும் ரகசியச் சாவி திருடுபோனால், சான்றிதழ் வழங்கிய நிறுவனம் அதை ரத்து செய்யும். ஆனால் ரத்தான செய்தி உங்கள் பிரவுசருக்கு எப்படி வந்து சேரும்? ரத்தானவற்றின் பட்டியலை அந்த நிறுவனமே வெளியிடுவது பழைய முறை. சிஆர்எல் என்பது அதுதான். பட்டியல் பெருத்துப் போனதால், "இந்த ஒரு சான்றிதழ் இன்னும் நல்லதுதானா?" என்று அந்த நிறுவனத்தின் சர்வரை அவ்வப்போது கேட்டுக்கொள்ளும் ஓசிஎஸ்பி வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பதில் வராவிட்டால் என்ன செய்வது? அந்த சர்வர் படுத்துவிட்டால் உலகத்தில் பாதித் தளங்கள் திறக்காது என்பதால், பதில் வரவில்லையென்றால் பரவாயில்லை, உள்ளே போகலாம் என்று பிரவுசர்கள் முடிவு செய்தன. ஆனால் உங்கள் இணைப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கும் திருடனால் அந்தக் கேள்வியையும் மறிக்க முடியுமே. பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2009-இலேயே இதைக் காட்டினார். 'பிறகு முயற்சி செய்' என்று பொருள்படும் 3 என்ற குறியீட்டை மட்டும் திருப்பி அனுப்பினால் போதும், பிரவுசர் சோதனையைக் கைவிட்டுவிடும். போதாக்குறைக்கு, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதும் சான்றிதழ் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

அதனால்தான் குரோம் 2012-இலேயே இந்த நேரடிக் கேள்வியைப் பொதுவாக நிறுத்திவிட்டு, முக்கியமான ரத்துகளின் சிறு பட்டியலைத் தானே அனுப்பத் தொடங்கியது. பயர்பாக்ஸ் இன்னும் நல்ல வழியைப் பிடித்தது. ரத்துச் செய்திகள் எல்லாவற்றையும் சுருக்கி உங்கள் கம்ப்யூட்டருக்கே அனுப்பிவிடும் சிஆர்லைட் என்ற ஏற்பாடு, டெஸ்க்டாப்பில் 137-ஆம் பதிப்பிலிருந்து அனைவருக்கும் வந்தது. நாளுக்குச் சராசரியாக 300 கிலோபைட் இறங்கினால் போதும். சோதனை உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடந்துவிடுவதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, நேரமும் ஆகாது. 142-ஆம் பதிப்பிலிருந்து சாதாரண சான்றிதழ்களுக்கு ஓசிஎஸ்பி கேட்பதையே பயர்பாக்ஸ் விட்டுவிட்டது. மறுபக்கம், இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தன் ஓசிஎஸ்பி சர்வர்களை 2025 ஆகஸ்ட் 6 அன்று மூடிவிட்டது.

ஆகவே பெட்டியை அணைப்பதால் கிடைக்கும் வேகம் இன்று ஒன்றுமில்லை. கட்டாயமாக்குவதிலும் நீங்கள் நினைக்கும் பாதுகாப்பு கிடைக்காது. ஓசிஎஸ்பி முகவரியே இல்லாத சான்றிதழ் வந்தால், கட்டாயம் என்று வைத்திருந்தாலும் பயர்பாக்ஸ் இந்தப் படியைத் தாண்டி விட்டுவிடும். முகவரி இருந்து, அந்த சர்வர் ஒருநாள் மெதுவாக இருந்தால் மட்டும் உங்களுக்குத் தளம் திறக்காது. உண்மையில் பயன் தருவது பிரவுசரைப் புதுப்பித்து வைப்பதுதான். ரத்துப் பட்டியலும் அதனோடு ஓடி வருகிறது.

கேள்வி: ஒரே தளம் குரோமில் திறக்கிறது, பயர்பாக்ஸில் 'வழங்கியவர் தெரியவில்லை' என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் பொய் சொல்லவில்லை. பயர்பாக்ஸ் ஆரம்பத்திலிருந்தே தனக்கென்று ஒரு ரூட் பட்டியல் வைத்திருக்கிறது. குரோமும் 2022 முதல் தன் சொந்தப் பட்டியலுக்கு மாறிவிட்டது. இரண்டு பட்டியலும் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் அப்படியே ஒன்றல்ல.

ஆனால் இப்படி நடக்கும்போது நான் முதலில் சந்தேகப்படுவது இடைநிலைச் சான்றிதழைத்தான். தளத்தின் சான்றிதழில் ரூட் நேரடியாகக் கையெழுத்துப் போடுவதில்லை. நடுவில் ஒன்று இருக்கும். அதையும் சேர்த்து அனுப்புவது சர்வரின் வேலை. அனுப்பாவிட்டால் குரோம் சான்றிதழுக்குள் எழுதியிருக்கும் முகவரிக்குப் போய்த் தானே எடுத்துக்கொள்ளும். பயர்பாக்ஸ் அப்படிப் போகாது. தெரிந்த இடைநிலைச் சான்றிதழ்களை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும், அதில் இல்லையென்றால் எச்சரிக்கைதான். தளம் உங்களுடையதானால் சர்வர் கான்ஃபிகரேஷனைத் திறந்து பாருங்கள். சான்றிதழ் வாங்கித் தரும் கருவியான செர்ட்பாட் தரும் கோப்புகளில் 'ஃபுல்செயின்' என்று இருப்பதைக் காட்ட வேண்டிய இடத்தில் வெறும் 'செர்ட்' கோப்பைக் காட்டியிருப்பீர்கள். அந்த ஒரு வரியை மாற்றி சர்வரை ரீலோட் செய்தால் தீர்ந்தது. தளம் உங்களுடையதல்ல என்றால் அவர்களுக்கு எழுதிச் சொல்லுங்கள். குரோமில் மட்டுமே சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படுவதே இல்லை.

கேள்வி: அலுவலக வைஃபையில் சேர வேண்டுமானால் அவர்கள் தரும் ரூட் சான்றிதழை என் சொந்த போனில் நிறுவ வேண்டும் என்கிறார்கள். நிறுவலாமா?

சொந்த போனில் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன்.

ரூட் சான்றிதழை நிறுவுவது என்றால், அதன் சாவியை வைத்திருப்பவர் எந்தத் தளத்தின் பெயரில் சான்றிதழ் தயாரித்தாலும் உங்கள் பிரவுசர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும் என்று பொருள். உங்கள் வங்கி, மின்னஞ்சல், மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் நடுவில் பிரித்துப் படித்து மறுபடி மூடி அனுப்பலாம். எச்சரிக்கை எதுவும் வராது. அலுவலகம் நல்ல எண்ணத்தோடுதான், வைரஸ் சோதனைக்காக இதைச் செய்யும் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சாவியை அவர்கள் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. லெனோவோ லேப்டாப்களில் விளம்பரம் காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்ற சாஃப்ட்வேர் 2015-இல் மாட்டியபோது, எல்லா லேப்டாப்களிலும் ஒரே ரூட் சான்றிதழும் ஒரே ரகசியச் சாவியும் இருந்தது தெரியவந்தது. ஒரு லேப்டாப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டவர் மற்ற எல்லாவற்றையும் ஏமாற்றலாம். கஜகஸ்தான் அரசு 2019-இல் மக்களை ஒரு ரூட் சான்றிதழ் நிறுவச் சொன்னபோது, கூகுள், பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா, ஆப்பிள் மூன்றும் அந்தச் சான்றிதழையே தங்கள் பிரவுசர்களில் தடை செய்தன.

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் அது ஏற்கெனவே இருக்கும். அது அவர்கள் இயந்திரம், அவர்கள் விதி. அங்கே உங்கள் சொந்தக் கணக்குகளைத் திறக்காமல் இருந்தால் போதும். போனில் வேலை பார்த்தே ஆகவேண்டும் என்றால், ஆண்ட்ராய்டில் தனி வொர்க் புரொஃபைல் அமைத்துத் தரும்படி கேளுங்கள். அதற்குள் நிறுவிய சான்றிதழ் உங்கள் சொந்தப் பகுதிக்கு வராது.

இப்போது உங்கள் இணைப்பு பிரிக்கப்படுகிறதா என்று பார்ப்பது சுலபம். ஏதாவது பிரபலமான தளத்தைத் திறந்து, முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி, சான்றிதழைத் திறந்து 'இஷ்யூட் பை' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே அலுவலகத்தின் பெயரோ ஆன்டிவைரஸின் பெயரோ இருந்தால் பிரிக்கப்படுகிறது. பயர்பாக்ஸில் பூட்டை அழுத்தினால், இந்த வழங்குநரை மொசில்லாவுக்குத் தெரியாது என்று ஒரு வரியே வரும். ஆண்ட்ராய்டில் 'நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்' என்ற அறிவிப்பும் இதையே சொல்கிறது. ஐபோனில் ஜெனரல், அபௌட், சர்டிபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ் என்று போனால், நீங்கள் முழு நம்பிக்கை கொடுத்த ரூட்கள் தெரியும். நீங்களே சேர்க்காத ஒன்று அங்கே இருந்தால் உடனே அணையுங்கள்.

கேள்வி: சில எச்சரிக்கைப் பக்கங்களில் 'தொடர்க' என்ற இணைப்பே இல்லை. ஏன்?

அந்தத் தளம் எச்எஸ்டிஎஸ் என்ற விதியை அறிவித்திருக்கிறது. என்னோடு பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே பேச வேண்டும், பிழை வந்தால் யாரையும் உள்ளே விடாதே என்று தளமே பிரவுசரிடம் சொல்லி வைத்துள்ளது. மீறுவதற்குச் சொல்லப்படும் குறுக்கு வழிகளைத் தேடாதீர்கள். பொது வைஃபையில் இது வந்தால், பெரும்பாலும் லாகின் பக்கம் குறுக்கே நிற்கிறது. முதலில் அந்த லாகினை முடித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.

கேள்வி: பூட்டுச் சின்னம் இருந்தால் நேர்மையான தளம்தானே?

இல்லை. நீங்கள் பேசுவது அந்த முகவரியோடுதான் என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். மோசடிக்காரரும் தன் முகவரிக்கு இலவசமாகச் சான்றிதழ் வாங்கலாம், வாங்குகிறார்.

கேள்வி: வீட்டு ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை காட்டுகிறது. இதற்காவது சோதனையை அணைக்கலாமா?

அணைக்கத் தேவையில்லை, அந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். ரவுட்டர் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழைக் காட்டுகிறது. பிரவுசருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. பயர்பாக்ஸில் 'அக்செப்ட் தி ரிஸ்க்' கொடுத்தால், அந்த முகவரிக்கும் அந்தச் சான்றிதழுக்கும் மட்டும் விதிவிலக்கு பதிவாகும். சர்டிபிகேட் மேனேஜரில் 'சர்வர்ஸ்' என்ற பிரிவில் அது இருக்கும், வேண்டாமென்றால் அங்கேயே நீக்கலாம். நாளைக்கு வேறொரு சான்றிதழ் வந்தால் மறுபடி எச்சரிக்கும், அதுதான் நமக்கும் வேண்டும். ரவுட்டரில் எதையும் மாற்றாமல் அப்படி வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் சிலர் குரோமை, சான்றிதழ் பிழை எதையும் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் 'இக்னோர் சர்டிபிகேட் எரர்ஸ்' என்ற கட்டளையோடு தொடங்குகிறார்கள். அதே ஜன்னலில் மின்னஞ்சலையும் திறந்துவிடுவார்கள், வினை அங்கேதான். அதற்குப் பதில், எம்கேசெர்ட் என்ற கருவி உங்கள் கம்ப்யூட்டருக்குள் மட்டும் செல்லுபடியாகும் சான்றிதழை ஓரிரு கட்டளைகளில் தந்துவிடும். அது உருவாக்கும் ரூட் சாவியை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய ஆண்ட்ராய்டு போனில் பல தளங்கள் திறப்பதில்லை. தேதி சரியாகத்தான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தையதாக இருந்தால் காரணம் ரூட் பட்டியல்தான். அந்த போன்களில் லெட்ஸ் என்கிரிப்டின் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற ரூட் சான்றிதழ் கிடையாது. அதற்குத் துணை நின்ற பழைய ரூட் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகிவிட்டது. பழைய போன்களுக்காக நீட்டித்துக் கொடுத்த ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. தன் சொந்தப் பட்டியலோடு வரும் பயர்பாக்ஸின், உங்கள் போனில் ஓடக்கூடிய பதிப்பை முயன்று பாருங்கள். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன போனில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் செய்யாதீர்கள். படிக்க, பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சான்றிதழின் ஆயுளை 47 நாளாகக் குறைக்கப் போகிறார்களாமே. நான் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பிரவுசரில் ஒன்றும் வேண்டாம். 2020 செப்டம்பரிலிருந்து 398 நாளாக இருந்த உச்சவரம்பு, 2026 மார்ச் 15 முதல் 200, 2027-இல் 100, 2029-இல் 47 என்று படிப்படியாக இறங்குகிறது. ரத்துச் செய்தி சேராவிட்டாலும் திருட்டுச் சாவி சீக்கிரம் செல்லாததாகிவிடும் என்பதால் இதை நான் வரவேற்கிறேன். சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள்தான் புதுப்பித்தலைத் தானியங்கியாக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: புதுச் சான்றிதழ் இறங்கியதும் வெப் சர்வர் அதை மறுபடி படிக்கும்படி ரீலோட் கட்டளையையும் அதே வேலையோடு சேர்த்துவிடுங்கள். டிஸ்க்கில் புதியது இருக்க, சர்வர் பழையதையே காட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.