மேற்கே பார்த்துவிட்டுத் துடுப்பை எடுங்கள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு பழக்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இடிமின்னலைப் பற்றித்தான். வார இறுதிகளில் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் துடுப்புப் போடக் கற்றுக்கொடுக்கும் எனக்கும் அதுதான் பெரிய கவலை. ஆகவே இந்த மாதப் பகுதி முழுக்க அதற்கே.

அக்கா, போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் நானும் வீட்டுக்காரரும் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் கயாக் வாடகைக்கு எடுத்தோம். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, மின்னல் எச்சரிக்கை என்று எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தலைக்கு மேல் நல்ல வெயில். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனோம். இவ்வளவு பயம் தேவையா? (ஒரு வாசகி, அங் மோ கியோ)

தேவைதான், தங்கச்சி. பணமும் பொழுதும் போனதே என்று வருத்தப்படுவது நியாயம். ஆனால் உங்களைக் கூப்பிட்டவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

மழை பெய்யும் இடத்தில்தான் மின்னல் விழும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இடிமேகத்திலிருந்து கிளம்பி, 10 கிலோமீட்டருக்கு அப்பால் வெயில் அடிக்கும் இடத்திலும் அது இறங்கும். மெக்ரிட்சியிலிருந்து பிடோக் நீர்த்தேக்கம் நேர்கோட்டில் ஏறக்குறைய அந்தத் தூரம்தான். பிடோக்கில் வானம் இடிந்தால் மெக்ரிட்சியில் இருப்பவர் கரையேற வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீர்த்தேக்கத்தின் நடுவில் இருப்பது வெட்டவெளி மைதானத்தில் தனியாக நிற்பதைப் போன்றது. சுற்றிலும் தட்டையான தண்ணீர். அதில் உயர்ந்து நிற்பது உங்கள் தலையும், நீங்கள் தூக்குகிற துடுப்பும். கார்பன் துடுப்பாக இருந்தால் அதன் வழியாக மின்சாரமும் பாயும். உங்கள் மேல் விழாமல் பக்கத்தில் நீரில் விழுந்தாலும் மின்சாரம் நீரின் மேற்பரப்பில் பரவி வரும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்க்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 நொடி. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆனால் தண்ணீரில் இருக்கும்போது நான் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. இடி காதில் விழுந்தால் கரை, அவ்வளவுதான். கரைக்கு வந்த பிறகு கடிகாரத்தைப் பார்ப்பேன். கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம். இடையில் இன்னொரு முழக்கம் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து. நீங்கள் அவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்ததற்கு அநேகமாக அதுதான் காரணம்.

காத்திருக்கும் இடமும் முக்கியம். கட்டடத்துக்குள் போங்கள், இல்லையென்றால் கதவடைத்த காருக்குள். நாலு தூணும் கூரையும் மட்டும் உள்ள குடில் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. தனி மரத்தடி அதைவிட மோசம்.

வானிலைச் செய்தியில் அடிக்கடி சொல்கிறார்களே, சுமத்ரா காற்று, அது திடீரென்று வந்தால் நீர்த்தேக்கத்தின் நடுவில் இருப்பவர் என்ன செய்வது? கவிழ்ந்துவிட்டால் நீந்தி வந்துவிடலாமா? (ஒரு வாசகர், யீஷூன்)

நீந்த வேண்டாம். முதல் பதில் அதுதான். மற்றதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே அதில் மாட்டியிருக்கிறேன்.

இந்தக் காற்று இரவில் சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையின் மேலோ வரிசையான இடிமேகங்களாக உருவாகிக் கிழக்கே நகரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதன் காலம். பெரும்பாலும் விடிவதற்கு முன்பிருந்து மதியத்துக்குள் நம்மிடம் வந்து சேரும். அதற்காக மாலையில் வராது என்று நம்பிவிடாதீர்கள். 2024 செப்டம்பர் 17ஆம் தேதி வந்தது மாலையில்தான். தீவின் மேற்கே உள்ள தெங்காவில் மணிக்கு 83 கிலோமீட்டர் வேகம் பதிவானது, தீவு முழுக்க மரங்கள் விழுந்தன. அதே தெங்காவில் 1984 ஏப்ரல் 25ஆம் தேதி பதிவான 144.4 கிலோமீட்டர்தான் சிங்கப்பூரில் இதுவரை அளந்த காற்றில் மிகக் கடுமையானது.

2014 ஜூன் மாதம், ஒரு ஞாயிறு காலை எட்டரை மணி. ஆறு கயாக்குகள். என் படகில் முன்னால் என் அக்கா மகள், அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. நாங்கள் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கரையோரம் அடர்ந்த மரங்கள். காற்று வருவது மேற்கிலிருந்து, மரங்கள் மறைப்பதும் மேற்கைத்தான். எதிர்க்கரையில் இலைகள் எல்லாம் புரண்டு, அடிப்பக்கம் வெளுப்பாகத் தெரிந்தது. முகத்தில் சில்லென்று ஒரு காற்று. மழையில் குளிர்ந்து கீழே இறங்கும் காற்று அது, மழைக்கு முன்னால் ஓடி வரும். எனக்குப் புரிந்துவிட்டது. முன்னால் போனவர், “இன்னும் நேரம் இருக்கு, அந்த முனை வரைக்கும் போய்த் திரும்பலாம்” என்றார். நான் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் பயந்தவளாகத் தெரிய வேண்டாமே என்று இருந்துவிட்டேன்.

இரண்டு நிமிடம் இருக்கும். தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு சுருக்கம் எங்களை நோக்கி ஓடி வந்தது. புறப்பட்ட துறைக்கே திரும்பிவிடலாம் என்று படகைத் திருப்பினேன். பாதி திரும்பும்போது படகின் விலாப் பக்கம் முழுவதும் காற்றுக்கு முன்னால். அங்கேயே கவிழ்ந்தோம்.

மேலே வந்ததும் பார்க்கிறேன், அவள் போட்டிருந்த உயிர்காப்பு அங்கி காது வரைக்கும் ஏறி நிற்கிறது. முகம் பாதி அதற்குள். இடுப்புக் கொக்கியை மாட்டவே இல்லை. ஒரு கையால் கவிழ்ந்த படகையும் மறு கையால் அவள் தோள்பட்டை வாரையும் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தேன். காற்றே எங்களைப் படகோடு தள்ளிக் கரைச் சேற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று நான் கரையிலேயே தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். இன்றைக்கும் மனது அடித்துக்கொள்கிறது.

அன்று செய்யாததை இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். வாடகை எடுத்த துறைக்குத் திரும்ப நினைக்காதீர்கள். எந்தக் கரை பக்கமோ அதுதான் உங்கள் கரை. படகைத் தேடி யாராவது வருவார்கள், காடாக இருந்தாலும் பரவாயில்லை, ஏறுங்கள். பெருங்காற்று அதற்குள் பிடித்துவிட்டால் முனையைக் காற்றுக்கு நேராக வைத்து, உடலைத் தாழ்த்தி, குட்டையாகத் துடுப்புப் போடுங்கள். கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். மிதக்கும் படகு நீந்துகிற தலையைவிடத் தூரத்திலிருந்தே தெரியும். அலையில் நீந்துகிறவர் பாதியிலேயே களைத்துப்போவார். அங்கியில் ஒரு விசில் கட்டிவையுங்கள். காற்றில் குரல் எடுபடாது.

அப்புறம், கிளம்பும் முன் மைஎன்வி (myENV) என்ற கைத்தொலைபேசிச் செயலியில் மழை ரேடாரைப் பாருங்கள். சிங்கப்பூருக்கு மேலே மட்டும் பார்த்தால் போதாது, படத்தைச் சுருக்கி, அக்கம்பக்கமும் தெரியும்படி வைத்து மேற்கே பாருங்கள். வடக்கு தெற்காக நீண்ட சிவப்பு மஞ்சள் வரிசை ஒன்று நீரிணையில் நின்றால் அன்று காலை கோப்பிக்கடைக்குப் போய்விடுங்கள்.

கைத்தொலைபேசி மின்னலை இழுக்குமா? (ஒரு வாசகி, செங்காங்)

இழுக்காது. நீர் புகாத உறையில் போட்டு உடலோடு கட்டிக்கொள்ளுங்கள், படகுக்குள் வைக்காதீர்கள். ஆபத்தென்றால் 995 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

என் மகன் உயர்நிலை இரண்டு. இணைப்பாட நடவடிக்கையாகக் கயாக் எடுத்திருக்கிறான். பயிற்சி பிற்பகல் மூன்று மணிக்கு. என் அம்மா “பிள்ளையை நிறுத்து” என்று தினமும் சொல்கிறார். நிறுத்தலாமா? (ஓர் அப்பா, பிடோக்)

நிறுத்த வேண்டாம், அண்ணன். அம்மாவின் பயத்திலும் உண்மை இருக்கிறது. ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல்தான் இடிமழைக்கு நேரம். காலையெல்லாம் தரை காய்ந்து, கடல்காற்று உள்ளே வந்து மோதி, மூன்று நான்கு மணிக்கெல்லாம் மேகம் தலைக்கு மேலேயே கட்டும். சுமத்ரா காற்றைப் போல மேற்கிலிருந்து நகர்ந்து வருவதல்ல இது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கு மேல் இடி இடிக்கிறது, அதற்குப் பயந்தால் ஒரு பிள்ளையும் தண்ணீரைத் தொட முடியாது.

ஆசிரியரைப் பார்த்துக் கேளுங்கள். மின்னல் எச்சரிக்கையைத் தண்ணீரில் இருக்கும்போது யார் கவனிக்கிறார், கரையேறச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, நீர்த்தேக்கத்தின் தூர முனையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் செய்தி எப்படிப் போகும். தடுமாறாமல் பதில் வந்தால் நிம்மதியாக அனுப்புங்கள். மகனிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். இடி கேட்டால் நண்பர்கள் சிரித்தாலும் முதலில் வாய் திறப்பவன் அவனாக இருக்கட்டும். அதைச் சொல்ல எனக்கே ஒரு காலத்தில் தைரியம் வரவில்லை.

ஜூன் விடுமுறையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். ஏரியில் படகு விட ஆசை. அங்கும் இந்த எச்சரிக்கையெல்லாம் பொருந்துமா? (ஒரு வாசகி, தெம்பனிஸ்)

பொருந்தும் ம்மா. மலையில் மதியத்துக்கு மேல் மேகம் சட்டென்று இறங்கிவிடும், ஆகவே காலையிலேயே படகு விட்டுவிடுங்கள். நம் ஊரைப் போல ஒருவர் கூப்பிடுவார் என்று காத்திராமல், முதல் உறுமலுக்கே நீங்களாகத் திருப்பச் சொல்லுங்கள்.

பெரிய படகில் ஏறுவதாக இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்றுதான் அப்போது சொன்னார்கள். திடீர் மழையிலும் இதேதான் நடக்கும், நனையாத பக்கத்துக்கு எல்லோரும் ஒதுங்குவார்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்து உட்கார வையுங்கள், நனைந்தால் நனையட்டும்.

உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்குங்கள். பெரியவர் அளவைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டிவிட்டால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கொக்கிகளையெல்லாம் மாட்டிய பிறகு, பிள்ளையின் தோள்பட்டை வார் இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி தாடையைத் தாண்டி ஏறினால் அவிழ்த்து, இன்னும் இறுக்கி மாட்டுங்கள். அப்போதும் ஏறினால் வேறு அங்கி கேளுங்கள்.