மலைப்பாதைச் சுவரும் 20 நொடிச் செய்தியும்

அன்புள்ள ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். ஒரு தொலைக்காட்சிக்குப் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். சென்ற மழையில் ஏற்காடு மலைப்பாதையில் ஒரு தடுப்புச் சுவர் இரவு 11 மணிக்குச் சரிந்தது. விடிந்ததும் போய்ப் படம் பிடித்து, 6 பேரிடம் பைட் (கேமரா முன் அவர்கள் பேசும் துணுக்கு) வாங்கி, மூன்றரை நிமிடச் செய்தியாக அனுப்பினேன். ஒளிபரப்பானது 20 நொடி. அதையே விரித்து ஒரு வார இதழுக்குக் கட்டுரையாக அனுப்பினேன். 'டிவியில் வந்ததுதானே, புதிதாக என்ன இருக்கிறது?' என்று திருப்பிவிட்டார்கள். 4 வருடத்துக்கு முன் கட்டிய சுவர் அது. யாரும் கேட்கவில்லை. நான் எங்கே தவறினேன்? எடிட் செய்யாத பதிவையும் கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பதிவை இரண்டு முறை பார்த்தேன். 6 பைட்டிலும் ஒரே விஷயம்தான் இருக்கிறது: ராத்திரி சத்தம் கேட்டது, வந்து பார்த்தால் சுவர் இல்லை. அதற்கு 20 நொடி போதும் என்று டெஸ்க் (செய்தியை வெட்டித் தொகுக்கும் ஆசிரியர் குழு) நினைத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. '4 வருடத்துக்கு முன் கட்டிய சுவர்' என்கிறீர்களே, அதுதான் செய்தி. படத்தின் மேல் ஓடும் உங்கள் குரலில், அதாவது வாய்ஸ் ஓவரில், அது இல்லை. கட்டுரையில் ஒன்பதாவது பத்தியில் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றையும் தவறவிட்டிருக்கிறீர்கள். சரிந்த சுவரின் பெரிய துண்டு ஒன்று சாலையோரம் மல்லாந்து கிடக்கிறது. அதில் நீர் வடிவதற்காக வைத்த குழாயின் வாய் தெரிகிறது. உள்ளே செம்மண் அடைத்துக் கிடக்கிறது. கேமரா அதை ஒரு நொடியில் தாண்டிப் போய்விட்டது. மலைச்சரிவில் தடுப்புச் சுவரின் உயிரே அந்தத் துளைகள்தான். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, மழைநீர் மண்ணை விட்டுவிட்டுத் துளை வழியாக வெளியேறும்படி செய்வார்கள். அந்த வழி அடைபட்டால் தண்ணீர் பின்னால் தேங்கி, மண்ணோடு சேர்ந்து சுவரைத் தள்ளும். அங்கே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, தூரத்திலிருந்து ஒன்று, இடைத்தூரத்தில் ஒன்று, குழாய் வாய்க்கு நெருக்கமாக ஒன்று என மூன்று ஷாட், ஒவ்வொன்றும் அசையாமல் 10 நொடி எடுத்திருந்தால் உங்கள் கதை அங்கேயே தொடங்கியிருக்கும்.

அதற்காக 'குழாய் அடைத்ததால் சுவர் விழுந்தது' என்று எழுதிவிடாதீர்கள். விழுந்தபோதுகூட மண் உள்ளே புகுந்திருக்கலாம். 'குழாயில் மண் அடைத்திருக்கிறது' என்பது நீங்கள் கண்ணால் கண்டது. காரணம் சொல்ல வேண்டியவர் கட்டுமானப் பொறியாளர். பொறியியல் கல்லூரியில் மண் இயக்கவியல் நடத்தும் பேராசிரியர் ஒருவரிடம் படத்தைக் காட்டி, 12 நொடிக்குள் அடங்கும் பைட் ஒன்று வாங்குங்கள். பார்த்தவர்களில் ஒருவர் போதும், மற்ற ஐவரும் வேண்டாம்.

டிவிக்கு 75 நொடி என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். தமிழில் நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் வாசித்தால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். பைட் இரண்டுக்கும் 25 நொடி போனால் உங்கள் குரலுக்கு மிஞ்சுவது 50 நொடி, அதாவது அதிகம் போனால் 80 சொல். வளைவில் முதல் கியரில் ஏறும் லாரியின் சத்தத்தை 4 நொடி தனியாக விடுங்கள். உங்கள் பதிவில் காற்று மைக்கில் மோதும் இரைச்சலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மைக்குக்கு ரோம உறை போடாமல் மலைக்குப் போகக் கூடாது. பனிமூட்டத்தில் ஆட்டோ ஃபோகஸ் எதையும் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலையும். கையால் ஃபோகஸ் செய்து பூட்டிவிடுங்கள்.

இனி கட்டுரை. அதில் ஒரு பிழை என்னை உறுத்தியது. சரிந்த தேதிக்கு நேராக வானிலைத் துறை போட்டிருந்த மழையளவை எடுத்து, 'அன்று பெய்த மழை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு முந்தின நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. சுவர் விழுந்தது அன்று இரவு 11 மணிக்கு. உங்களுக்கு வேண்டிய மழை மறுநாள் தேதியில் இருக்கிறது. முந்தைய நாட்களின் மழையையும் சேர்த்துப் பாருங்கள், ஏனெனில் மண் முன்பே ஊறிப்போயிருக்கலாம். மழைமானி இருக்கும் இடத்துக்கும் அந்த வளைவுக்கும் உயர வித்தியாசம் உண்டு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

வார இதழுக்கு வேண்டியது ஆவணம். அந்த 4 வருடக் கணக்கை யார் சொன்னார்கள்? டீக்கடையில் கேட்டது என்றால் அது விசாரிக்கத் தூண்டும் துப்பு மட்டும்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-ன்கீழ் நெடுஞ்சாலைத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். 'சுவர் ஏன் சரிந்தது?' என்று கேட்டால் பதில் வராது. சட்டம் தருவது கோப்பில் இருப்பதை, விளக்கத்தை இல்லை. ஆகவே நகல்களைக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்த நிபந்தனைகள், எம்-புக் என்கிற அளவீட்டுப் புத்தகத்தில் அந்தச் சுவருக்கான பக்கங்கள், பணி நிறைவுச் சான்று. பக்கத்துக்கு 2 ரூபாய். எந்த வளைவு, எத்தனையாவது கிலோமீட்டர் கல் என்பதை மனுவில் எழுதாவிட்டால் 'விவரம் தெளிவாக இல்லை' என்று திருப்பிவிடுவார்கள். மனு வேறு அலுவலகத்துக்கு மாறிப் போனாலும் பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஒப்பந்த நிபந்தனைகளில் முதலில் தேட வேண்டியது குறைபாட்டுப் பொறுப்புக் காலம். பணி நிறைவுச் சான்றின் தேதியிலிருந்து அதை எண்ணுங்கள், திறப்பு விழாத் தேதியிலிருந்து எண்ண வேண்டாம். அந்தக் காலத்துக்குள் சுவர் விழுந்திருந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டியிருக்கும். அப்படியிருக்க, அதே இடத்துக்கு அரசுப் பணத்தில் புது டெண்டர் விடப்படுகிறதா என்று பாருங்கள். அந்தக் கேள்விக்கு ஆவணத்தோடு பதில் வைத்திருக்கும் கட்டுரையை எந்த ஆசிரியரும் 'டிவியில் வந்தது' என்று சொல்லித் திருப்ப மாட்டார்.

பெயர் சொல்லி எழுதுவதானால் ஒப்பந்ததாரருக்கும் கோட்டப் பொறியாளருக்கும் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலுக்குத் தேதி குறித்து, பதில் வராவிட்டால் அதையும் எழுதுங்கள். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவில் இருக்கிறது. வழக்கு வந்தால் அந்த மின்னஞ்சல் உங்களுக்குக் கைகொடுக்கும்.

மனுவைத் தபாலில் சேர்க்கும் அன்றே மறுபடி அந்த வளைவுக்குப் போங்கள். அளவு நாடாவை வைத்துச் சுவரின் தடிமனையும் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் படம் எடுங்கள், மதிப்பீட்டோடு ஒப்பிட அது வேண்டும். இடிபாட்டை அதற்குள் அள்ளியிருந்தால், உங்கள் பதிவில் குழாய் வாய் தெரியும் அந்த ஒரு நொடிதான் மிச்சம். மூலக் கோப்பை எடிட் செய்யாமல், தேதி மாறாமல் இரண்டு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். எம்-புக் பக்கங்கள் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், அவற்றை எப்படிப் படிப்பது என்று தனியாக எழுதுகிறேன்.