பேஸ்பால் கேள்வி பதில்: முதலில் பந்தை எண்ணுங்கள்

பள்ளி மைதானங்களில் பேஸ்பால் சொல்லிக்கொடுப்பவன் நான். நம் நாட்டில் இந்த ஆட்டத்தை வளர்ப்பது பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி கிரிக்கெட் சண்டை.

மதுரை ஆசிரியர்: எங்களிடம் இருப்பது கிரிக்கெட் பையன்கள்தான். எப்படித் தொடங்குவது?

அவர்களே போதும். எறியத் தெரியும், பிடிக்கத் தெரியும். பழசை மறக்கவைப்பதுதான் பாடு. முதல் நாள் பாருங்கள்: அடித்ததும் பேட்டோடு முதல் பேஸுக்கு (ஓடித் தொடவேண்டிய நாலு இடங்களில் முதலாவது) ஓடுவான், கிட்டே வந்ததும் பேட்டை நீட்டித் தரையில் தேய்ப்பான். இன்னொருவன் தட்டிவிட்டு "நோ, நோ" என்று நின்றுவிடுவான். இங்கே பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆகணும். அழகாக ஒரு லேட் கட் அடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பவனிடம் அது ஃபவுல், கோட்டுக்கு வெளியே போன பந்து என்று சொல்ல எனக்கே மனசு வராது. கிளவுஸை எறிகிற கையில் மாட்டிக்கொண்டு வருவான்; வலக்கைக்காரனுக்கு அது இடக்கையில்.

பெரியவர்களுக்கு பேஸுக்கு பேஸ் 90 அடி. 12 வயதுவரை 60 அடி போதும். சுண்ணாம்பும் நாலு சாக்கும் இருந்தால் மைதானம் ரெடி. காசு இருந்தால் முதலில் கேட்ச்சருக்கு (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) முகக்கவசம், மார்புக்கவசம் வாங்குங்கள். பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், எறிவதை ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டும். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகின் விதிப்படி 11, 12 வயதுக்கு நாளொன்றுக்கு 85 பந்துதான். 66ஐத் தொட்டாலே நாலு நாள் ஓய்வு.

சேலம் அப்பா: பையனுக்கு 11 வயது. தினமும் 150 பந்து எறியவைக்கிறேன். வேகம் கூட வழி?

நிறுத்துங்கள். மேலே உள்ள பதிலைப் படியுங்கள். எறிந்து கிழிந்த முழங்கைத் தசைநாரை மாற்றிவைக்கும் அறுவை சிகிச்சையை 1974இல் முதலில் செய்துகொண்டவர் டாமி ஜான். அப்போது அவர் 31 வயது தொழில்முறை பிட்ச்சர். உங்கள் வீட்டில் இருப்பது ஆறாம் வகுப்புப் பையன்.

ரிங்கு சிங், தினேஷ் படேல் மாதிரி இன்னொரு திறமை வேட்டை நடத்தினால்?

ஈட்டி எறிந்துகொண்டிருந்த இருவர் (கிரிக்கெட் ரிங்கு இல்லை), ஒரு டிவி போட்டி, 2008இல் அமெரிக்க அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸோடு ஒப்பந்தம். நல்ல கதைதான். அமெரிக்காவின் உச்சமான மேஜர் லீகை இருவருமே எட்டவில்லை. ரிங்கு பின்னால் மல்யுத்த மேடைக்குப் போனார். இரண்டு பேரைக் கூட்டிப்போனால் நம் ஊரில் ஆட இரண்டு பேர் குறைவு, அவ்வளவுதான். செக் நாட்டைப் பாருங்கள். அங்கே கால்பந்தும் ஐஸ் ஹாக்கியும்தான் எல்லாம். 2023 உலக பேஸ்பால் கிளாசிக்கில், டோக்கியோவில், அவர்களின் பிட்ச்சர் ஒண்ட்ரெய் சடோரியா மெதுவான ஒரு சேஞ்சப்பில் ஜப்பானின் நட்சத்திரம் ஓத்தானியையே ஸ்ட்ரைக் அவுட் (அடிக்கவிடாமல் அவுட்) ஆக்கினார். பிழைப்புக்கு அவர் எலக்ட்ரீஷியன். அந்த செக் அணியின் மேலாளர் நரம்பியல் மருத்துவர். வேலை முடிந்து உள்ளூர் லீகில் ஆடுகிறவர்கள். நமக்கும் வாராவாரம் ஆட்டம் வேண்டும். ஸ்கோர் எழுத ஆள், அம்பயர் நிற்க ஆள் வேண்டும்.

சென்னை: பேஸ்பால்னா ஃபுல்டாஸ் மட்டும் வர்ற கிரிக்கெட். நம்ம ஆள் போனா எல்லாம் சிக்ஸர்தான்!

வந்துட்டீங்களா. கிரிக்கெட் பேட் நாலேகால் அங்குலம்வரை அகலம், தட்டை. இது உருண்டை; மிஞ்சிப்போனால் 2.61 அங்குலம். பிட்ச்சர் நிற்பது அறுபதரை அடியில். 145 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் உங்களுக்குக் கிடைப்பது அரை நொடிகூட இல்லை. அதற்குள் முன்பக்கம் 90 டிகிரிக்குள் அடிக்கணும். பத்து வாய்ப்பில் மூன்று முறை ஹிட் அடித்து பேஸை எட்டுபவன் இங்கே நட்சத்திரம்.

அதே சென்னை: அப்ப கிளவுஸ் எதுக்கு? நாங்க வெறுங்கையில பிடிக்கிறோம்.

ஸ்லிப்பில் நிற்பவரை நானும் கும்பிடுவேன். ஆனால் ஓர் ஆட்டத்தில் ஓர் அணி 27 அவுட் எடுக்கணும். அதில் நிறைய, முதல் பேஸ்காரர் கைக்கு முழு வேகத்தில் வரும் எறிகள். விக்கெட் கீப்பர் மட்டும் ஏன் மாட்டுகிறார்? அதை யோசித்துவிட்டு வாருங்கள். இதோடு கிரிக்கெட் முடிந்தது.

பெண்களுக்கு சாஃப்ட்பால் மட்டும்தானா?

இல்லை. பெண்கள் பேஸ்பால் உலகக்கோப்பை 2004இலிருந்து நடக்கிறது.

ஒலிம்பிக்ஸில் இருக்கிறதா? (இதைக் கேட்கும் நாலாவது ஆள்)

2028, லாஸ் ஏஞ்சலஸ். ஆறே அணிகள். 2023 மும்பைக் கூட்டத்தில் கிரிக்கெட்டோடு சேர்ந்து உள்ளே வந்தது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்குமா?

அந்தந்த அறிவிப்பில் பட்டியல் இருக்கும். என்னைக் கேட்காதீர்கள்.

ஈரோடு: மகனுக்கு 9 வயது. கர்வ்பால் (வளைந்து போகும் பந்து) எப்போது கற்றுத்தரலாம்?

மீசை முளைக்கட்டும். இந்த வயதுக்கு நாளுக்கு 75 பந்துதான். நீங்களே எண்ணுங்கள்.