80 சதவீத அடைப்பு: ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 63. ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்துவதுபோல் இருக்கிறது; இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடுகிறது. ஆஞ்சியோகிராமில் வலது ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பு என்று தெரிந்தது; இதயம் சுருங்கி விரியும் திறன் நன்றாக இருக்கிறதாம். ஒரு மருத்துவர் உடனே ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கச் சொல்கிறார். மற்றொருவர் மாத்திரையிலேயே பார்க்கலாம் என்கிறார். அடைப்பை அப்படியே விட்டால் எந்த நேரமும் மாரடைப்பு வந்துவிடுமோ என்று வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் தந்தைக்கு இருப்பது, உழைக்கும்போது மட்டும் வந்து ஓய்வெடுத்தால் அடங்கும் நிலையான நெஞ்சுவலி. மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது வைக்கப்படும் ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது என்பதில் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் அந்த அனுபவத்தை நிலையான நெஞ்சுவலிக்கும் அப்படியே பொருத்திப் பார்ப்பதால்தான் பல குடும்பங்கள் உங்களைப்போல் அஞ்சுகின்றன.

மாரடைப்பு பெரும்பாலும் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. அப்படி வெடிக்கும் படிவு, ஆஞ்சியோகிராமில் மிகக் குறுகலாகத் தெரியும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. 40, 50 சதவீதம் என்று யாரும் பொருட்படுத்தாத இடமாகவும் இருக்கலாம். ஸ்டென்ட் தான் வைக்கப்பட்ட அந்த ஓர் அங்குலத்தைத் திறந்து வைக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையோ எல்லாக் குழாய்களிலும் உள்ள படிவுகளை வெடிக்காதபடி உறுதிப்படுத்துகிறது.

இதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. 2007இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வில், நிலையான இதய நோய் உள்ள 2,287 பேரில் ஒரு பாதியினருக்கு மருந்துடன் ஸ்டென்ட் சிகிச்சையும், மறு பாதியினருக்கு முறையான மருந்து மட்டும் அளிக்கப்பட்டது. இறப்பிலும் மாரடைப்பிலும் வேறுபாடு இல்லை. இதயத் தசைக்குப் போகும் ரத்தம் கடுமையாகக் குறைந்தவர்களுக்காவது பயன் இருக்கும் என்று சிலர் வாதிட்டதால், இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரைக் கொண்டு ‘இஸ்கீமியா’ ஆய்வு நடத்தப்பட்டு, 2020இல் முடிவு வெளியானது. தொடக்கத்திலேயே ஆஞ்சியோகிராம் செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்யத் திட்டமிட்ட பிரிவில் 145 பேரும், மருந்தோடு தொடங்கிய பிரிவில் 144 பேரும் இறந்தனர். ஏறத்தாழ சமமான இந்த இரண்டு எண்களைத்தான் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஸ்டென்ட் வீணா என்றால், இல்லை. நெஞ்சுவலியைக் குறைப்பதில் அதற்கு உண்மையான இடம் உண்டு. அந்த இடம் எவ்வளவு என்பதைத்தான் பிரிட்டனில் நடந்த ‘ஆர்பிட்டா’ ஆய்வு கண்டறிய முயன்றது. 2017இல் வெளியான அந்த ஆய்வில் 200 பேருக்கும் முதலில் ஆறு வாரம் மருந்துகளைச் சரிப்படுத்தி, பிறகு எல்லோரையும் மயக்க மருந்து கொடுத்து மேசையில் படுக்க வைத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஸ்டென்ட் வைத்தார்கள். தமக்கு வைக்கப்பட்டதா இல்லையா என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் பார்த்தபோது, இரு பிரிவினரும் கூடுதலாக நடந்த நேரத்தில் இருந்த வேறுபாடு சுமார் 17 விநாடிகள் மட்டுமே. 2023இல் அதே குழுவினர் நெஞ்சுவலிக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டு, 301 பேரிடம் இதேபோல் சோதித்தபோது, 12 வாரம் கழித்து ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில் 40 சதவீதத்தினரும், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதத்தினரும் வலியின்றி இருந்தார்கள். ஸ்டென்ட் வலியைக் குறைக்கிறது. ஆனால் வைத்த பின்பும் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலி முழுமையாக நீங்கவில்லை.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, அப்பாவின் அன்றாட வாழ்க்கையை இந்த வலி எவ்வளவு முடக்குகிறது, மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா என்பதையே. சில வாரங்கள் மருந்து எடுத்தும் மாடி ஏற முடியவில்லையென்றால் ஸ்டென்ட் வைத்துக்கொள்வது நியாயமான முடிவு. ‘இஸ்கீமியா’ ஆய்விலும் மருந்துப் பிரிவில் சுமார் ஐந்தில் ஒருவர் நான்கு ஆண்டுகளுக்குள் அந்த வழிக்கு வந்தார்கள். இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்போ மிகப் பலவீனமான இதயமோ உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதால், அவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்வையுடன் நீடித்தாலோ, ஒரு நொடியும் யோசிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு அவ்வப்போது நெஞ்சுவலி வருகிறது, டிரெட்மில் சோதனை சரியாகவே இருந்தது. பிறகும் சி.டி. ஆஞ்சியோகிராம் எதற்கு?
– வாசகர், மதுரை

பதில்: உழைக்கும்போது ரத்தம் போதவில்லை என்பதைத்தான் டிரெட்மில் காட்டும், குறுகலை உண்டாக்காத ஆரம்பப் படிவுகள் அதில் சிக்காது; சி.டி. ஆஞ்சியோகிராமில் அவையும் தெரியும். ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரிடம் நடந்த ‘ஸ்காட்-ஹார்ட்’ ஆய்வில், வழக்கமான பரிசோதனையுடன் சி.டி. ஆஞ்சியோகிராமும் எடுத்தவர்களில், ஐந்தாண்டுகளில் மாரடைப்போ இதய நோயால் மரணமோ நேர்ந்தவர்கள் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் அது 3.9 சதவீதம். ஐந்தாண்டு முடிவில் ஸ்டென்ட், பைபாஸ் செய்துகொண்டவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால், படிவைக் கண்ணால் கண்டபின் ஸ்டாடினும் ஆஸ்பிரினும் அதிகம் பேருக்குத் தொடங்கப்பட்டதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. உங்களைப்போல் வலியோடு வந்தவர்களிடம் கிடைத்த முடிவு இது. அறிகுறி ஏதும் இல்லாதவர் முழு உடல் பரிசோதனையோடு சேர்த்து சி.டி. எடுத்துக்கொள்வதற்கு இதை ஆதாரமாகக் கொள்ள முடியாது.