மச்சில் கிடக்கும் டப்பாக்கள்

அன்புள்ள அக்கா,

திரைப்பட ஆய்வாளர் ஒருவர் உலகின் தலைசிறந்த படங்கள் என்று தனக்குப் பிடித்த பத்தைச் சொல்லியிருந்தார். 'டோக்கியோ ஸ்டோரி', 'பதேர் பாஞ்சாலி', 'த பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' எல்லாம் உண்டு. ஒரு தமிழ்ப் படம்கூட இல்லை. அநியாயம் இல்லையா? பத்தையும் எந்த வரிசையில் பார்க்கலாம்? என் தாத்தா டூரிங் கொட்டகை வைத்திருந்தவர். மச்சில் இன்னும் நாலைந்து பிலிம் டப்பா கிடக்கிறது. சினிமா எங்கள் ரத்தத்திலேயே உண்டு.

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

வரிசையெல்லாம் வேண்டாம், கிடைத்ததிலிருந்து பாருங்கள். தமிழ்ப் படம் இல்லாதது அவர் விருப்பம். அதற்கு ஏன் கோபம்?

'கிடக்கிறது' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம்.

டென்மார்க் இயக்குநர் டிரையர் 1928-ல் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க்கின் மூல நெகட்டிவ் தீயில் போய்விட்டது. 1981-ல் நார்வேயின் ஆஸ்லோ அருகே ஒரு மனநல மருத்துவமனை அலமாரியில் பழைய பிரதி ஒன்று அகப்பட்டது. யாரோ தூக்கி எறியாமல் விட்டதைத்தான் உங்கள் ஆய்வாளர் பார்த்திருக்கிறார்.

நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியல் சொத்தை விற்று மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்தார். தலித் பெண் பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்தார் என்று திருவனந்தபுரத்தில் திரைமேல் கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டிவந்தது. அந்தப் படத்தில் ஒரு அடிகூட இன்று மிச்சமில்லை. டேனியலின் உறவினர் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்டவர்மா' (1933) நாவல் பதிப்புரிமை வழக்கில் மாட்டி முடங்கியது. பிரதி பதிப்பகத்தார் கையில் கிடந்து பிழைத்தது. இப்போது புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறீர்கள், இதைப் பற்றி ஒரு வரி இல்லை!

என் சித்தப்பா குழித்துறைப் பக்கம் ஒரு கொட்டகையில் ஆபரேட்டர். கொட்டகையை மூடியபோது சுருள்கள் பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போயின. மூடியைத் திறந்தால் காடி நெடி மூக்கில் ஏறும். பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டோம். பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, முகக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, சித்தப்பாவின் வேட்டியில் படம் காட்டினோம். என் துண்டில் கிணற்றடியில் ஒரு பெண். குடத்தைத் தூக்கிய கை, பாதி முகம். எந்தப் படமென்று இன்றுவரை தெரியவில்லை. கத்திரி பிடித்தவள் நான்தான் தம்பி.

டப்பாக்களை இன்றே இறக்குங்கள். ஓட்டுச்சூடு அதற்கு ஆகாது. பழைய பிலிமில் ஒரு வகை சட்டென்று பற்றிக்கொள்ளும், விளக்கோ பீடியோ பக்கத்தில் வேண்டாம். சுருளை இழுத்துப் பார்க்காதீர்கள். மூடிமேல் எழுதியிருப்பதைப் படமெடுத்துப் புனேவுக்கு அனுப்பி என்ன செய்யலாமென்று கேளுங்கள். என்ன படமென்று தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அக்கா